தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை: திருச்செந்தூர் சாலையை விட்டு இறங்கிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

தூத்துக்குடிக்குக் காரில் வருகிறவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடிக்கு வருவதில்லை. திருச்செந்தூருக்குப் போகிறார்கள், வழியில் தூத்துக்குடி இருக்கிறது, அவ்வளவுதான். சுமார் 40 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடித்து, சாமி கும்பிட்டு, நாழிக்கிணற்றில் குளித்து, வந்த வழியே திரும்பிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போய் வந்தேன்.

அந்தச் சாலையின் இடப்பக்கம் சற்று உள்ளே போனால் கடலும் முகத்துவாரமும். வலப்பக்கம் திரும்பினால் பழைய பாண்டியர் துறைமுகம், இன்னும் தெற்கே போனால் பாலைவனம் போலச் செம்மணல் தேரி. சாலையில் போகும்போது இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எங்கே, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட வேண்டும் என்பதைச் சொல்வதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. இரண்டு பகல், ஓர் இரவு போதும்.

எந்த மாதம் வரலாம்

பொங்கல் முடிந்து மாசி வரைக்கும் உள்ள காலம் சுகமானது. வெயில் பொறுக்கும், உப்பளங்களிலும் வேலை தொடங்கியிருக்கும். ஆனால் பதநீர் குடிக்கும் ஆசை இருந்தால் பங்குனி, சித்திரையில்தான் வர வேண்டும், வெயிலைச் சகித்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் தேரிமணல் பறந்து கண்ணில் அடிக்கும், நடக்கவே முடியாது.

ஐப்பசி முதல் மார்கழி பாதி வரை மழையைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர்கள் எல்லாம் தீவுகளாயின. மாவட்டமே தட்டையான பூமி. தண்ணீர் வந்தால் வடிய நேரம் பிடிக்கும்.

இன்னும் இரண்டு தேதிகளைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. அதற்கு முந்தைய பத்து நாளும் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுவது வீண். புரட்டாசி தசராவுக்கு குலசேகரன்பட்டினம் முழுக்க வேடம் கட்டியவர்களின் கூட்டம். அதைப் பார்க்கவே வருவதானால் சரி. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வண்டியில் என்ன இருக்க வேண்டும்

பெரிய வண்டி தேவையில்லை. சின்ன காரே நல்லது, மீனவர் ஊர்த் தெருக்களில் திருப்ப முடியும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். உடைமுள்ளும் கருவேல முள்ளும் ஓரத்தில் கிடக்காத கிளைச்சாலையே இங்கே கிடையாது. சிகரெட் லைட்டரில் மாட்டும் காற்று பம்பு, பழைய சாக்கு இரண்டு, ஒரு கயிறு. சாக்கு எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கைப்பேசி மேப்பை நெடுஞ்சாலையில் நம்பலாம். புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் நம்பாதீர்கள். அது காட்டும் குறுக்குத்தெரு ஒருவர் வீட்டு முற்றத்தில் முடியும், அல்லது காயப்போட்ட வலையில். வலைமேல் டயர் ஏறினால் சண்டைதான், அவர்கள் பக்கம்தான் நியாயமும். கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி, கடற்கரைக்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள். சிலர் முன்னால் நடந்தே வந்து காட்டுவார்கள்.

டிரோன் வைத்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம், பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலை, குலசை என்று சுருக்கிச் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் என்று இந்த வழி முழுக்கக் காவல் உள்ள இடங்கள்.

முதல் நாள், விடிவதற்கு முன்

இரவே தூத்துக்குடிக்கு வந்து தங்கிவிடுங்கள். காலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா பக்கம் வண்டியை நிறுத்தினால் சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழும். மன்னார் வளைகுடாவில் வெளியே இருக்கும் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையை உடைத்துவிடுவதால் இங்கே கடல் குளம் போலத்தான் கிடக்கும். பெரிய அலையை எதிர்பார்த்து வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இந்த அமைதிதான் பிடிக்கும்.

அப்படியே பனிமய மாதா பேராலயத்துக்குள் ஒரு நடை. இப்போதுள்ள கோயில் 1713-ல் கட்டியது. மாதா சொரூபம் அதற்கும் முன்பே, 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். பூசை நடந்துகொண்டிருந்தால் கேமராவை எடுக்காமல் பின்வரிசையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

முயல்தீவைப் பலர் சொல்வார்கள். துறைமுகத்தை ஒட்டிய இடம், காணும் பொங்கலன்று ஊரே அங்கேதான் இருக்கும். விசாரித்துக்கொண்டு போகலாம், இரண்டே நாள் இருப்பவர்கள் விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

உப்பளத்தை விட்டுவிடாதீர்கள். தெற்கே முத்தையாபுரம் தாண்டியதும் சாலைக்கு இரு பக்கமும், வடக்கே வேப்பலோடை, தருவைகுளம் பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகள். ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் வெள்ளையில் வெயில் பட்டுக் கண் கூசும், தொழிலாளர்களும் பாதி வேலையை முடித்திருப்பார்கள். வெயிலுக்குப் பயந்து இருட்டோடு வேலைக்கு வருகிறவர்கள் அவர்கள்.

வரப்பில் நின்று ஒரு பாத்தியை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். நிலத்தடியிலிருந்து மோட்டாரில் இறைத்த உப்புத்தண்ணீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துவார்கள். ஒவ்வொன்றிலும் வெயில் கொஞ்சம் குடிக்க, தண்ணீர் கனத்துக்கொண்டே வரும். அதை "டிகிரி ஏறுது" என்பார்கள். இருபத்து நான்கு, இருபத்தைந்து டிகிரிக்கு வந்ததும் அடியில் உப்பு பூக்கும். நீளமான கம்பு மாட்டிய பலகையால் அதைக் கரைக்கு இழுக்கும்போது, உடைந்த கண்ணாடியை வாருவது போலச் சத்தம் கேட்கும். கரையில் குவிந்ததுதான் அம்பாரம். மழைக்காலத்தில் அதன்மேல் ஓலை போட்டு மூடியிருப்பார்கள்.

பாத்திக்குள் செருப்போடு இறங்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காலெல்லாம் வெடித்து, கண்ணெல்லாம் சிவந்து நிற்கிற ஒருவரைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுப்பது எந்த ஊர் மரியாதை? கேட்டால் அநேகமாகச் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். குளிர்கால மாதங்களில் வந்தால் தண்ணீர் நிற்கும் பழைய பாத்திகளில் பூநாரைகள் கண்ணில் படலாம். ஹாரன் அடிக்காமல், இறங்காமல், காருக்குள்ளிருந்தே பாருங்கள்; வண்டிக்குப் பயப்படாத பறவைகூட ஆளைக் கண்டால் பறந்துவிடும்.

ஆறு நகர்த்திய துறைமுகங்கள்

சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பழையகாயல் வழியாக முக்காணி. இங்கே பாலத்தில் ஏறுவதற்கு முன் வலப்பக்கம் ஏரல் சாலையில் திரும்புங்கள். அதிலிருந்து பிரிந்து போனால் கொற்கை.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஒரு குளம், வயல், வாழைத்தோட்டம், சின்னக் கோயில்கள், ஊரார் இரண்டாயிரம் வயது சொல்லும் ஒரு வன்னிமரம். சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இதுதான். இப்போது கடல் சில கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தாமிரபரணி வருடா வருடம் கொண்டுவந்து போட்ட வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகமும் கடலின் பின்னாலேயே நடந்தது: கொற்கை தூர்ந்தபின் காயல், அப்புறம் போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து எழுதிவைத்த "காயில்" பழையகாயல்தான் என்பது கால்டுவெல் கருத்து. இதைத் தெரிந்துகொண்டு அந்த வன்னிமரத்தடியில் நின்றால், எதிரே இருக்கும் வாழைத்தோட்டம் வேறு மாதிரி தெரியும். தெரியாமல் போனால் வெறும் கிராமம்தான். குழந்தைகளுக்கு வண்டியிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்து பாலம் ஏறினால் ஆத்தூர். புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை இந்த ஊருடையது. காரம் தூக்கலாக இருக்கும். ஒரு கவுளி வாங்கி ஈரத்துணியில் சுற்றிவைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

ஆத்தூரிலிருந்து இடப்பக்கம் ஒரு சாலை புன்னைக்காயலுக்குப் போகிறது. சாலை குறுகிக்கொண்டே போகும், இரண்டு பக்கமும் உப்பங்கழி, அலையாத்திச் செடிகள். முடிவில் தாமிரபரணி கடலில் சேருகிறது. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் பாறையில் விழுந்து, அணை அணையாகத் தடுக்கப்பட்டு வந்த ஆறு, இங்கே சத்தமே இல்லாமல் கலக்கும். முகத்துவாரத்தில் குளிக்க இறங்க வேண்டாம்; மேலே அமைதி, அடியில் இழுப்பு. படகுகள் கரையேறும் நேரமாக இருந்தால் வழியை அடைக்காமல் வண்டியை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுமுகநேரி வழியாகக் காயல்பட்டினம். கடற்கரை நல்ல அகலம், மாலையில் ஊர்க் குடும்பங்கள் கூட்டமாக வந்து உட்காரும். பெண்கள் போய்வர வீடுகளுக்கு நடுவே தனிச் சந்துகள் உள்ள பழைய தெருக்கள், பள்ளிவாசல்கள். ஊரின் நடை கொஞ்சம் நிதானமானது; தெருக்களில் ஒலிபெருக்கி போல் பேசிக்கொண்டு படம் எடுத்துத் திரியாதீர்கள். இருட்டும் முன் திருச்செந்தூரில் அறைக்குப் போய்விடலாம். சஷ்டி, விசாகம், விடுமுறை நாள் என்றால் அறையை முன்கூட்டியே பிடித்துவையுங்கள், இல்லாவிட்டால் காரிலேயே தூங்க வேண்டிவரும்.

இரண்டாம் நாள் காலை, தேரி

ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். திருச்செந்தூரிலிருந்து மேற்கே காயாமொழி பக்கம் போகும் சாலையில் சிறிது தூரம் போனதும் மண்ணின் நிறம் மாற ஆரம்பிக்கும். முதலில் மஞ்சள், பிறகு காவி, அப்புறம் ஒரே சிவப்பு. குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேடு இது. தெரியாதவரிடம் படம் காட்டினால் ராஜஸ்தானா என்று கேட்பார், அங்கேகூட மணல் இவ்வளவு சிவப்பில்லை. மணலின் ஒவ்வொரு பருக்கையின் மேலும் இரும்புத்துரு பூசியிருப்பதால் வந்த நிறம். மேற்கேயிருந்து அடிக்கும் காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்தது என்கிறார்கள். இந்த மேடுகளில் கற்கால மனிதர்களின் சின்னஞ்சிறு கல் ஆயுதங்களும் கிடைத்திருக்கின்றன.

மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் மணல், நடுவில் மரமடர்ந்த ஒரு சோலை, அதில் ஊற்றுச் சுனை. மழைநீரை மணல் உறிஞ்சி அடியில் வைத்துக்கொண்டு இங்கே கசிய விடுகிறது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்தும் சனம் வரும். இரண்டு கோயிலுக்கும் நல்ல சாலை உண்டு.

நல்ல சாலையிலேயே இருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் உண்டு. ஒருமுறை மாட்டுவண்டித் தடம் போலத் தெரிந்த ஒன்றில் முப்பது அடி உள்ளே போனோம், படம் எடுப்பதற்காக. முன்சக்கரம் புதைந்தது. மைத்துனர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, மணல் பின்னால் பீய்ச்சி அடித்ததே தவிர வண்டி நகரவில்லை. இடுப்பில் அருவாப்பெட்டியோடு பனையிலிருந்து இறங்கிய ஒருவர் நிதானமாக நடந்து வந்தார்.

"தம்பி, மிதிக்காதீய. மிதிக்க மிதிக்க உள்ளதான் போவும். காத்தை எறக்குங்க."

"எவ்வளவு அண்ணாச்சி?"

"பாதிக்குமேல எறக்குங்க. வந்த தடத்துலயே பின்னால எடுங்க, ஸ்டியரிங்கை ஒடிக்காதீய."

முப்பத்திரண்டு இருந்த காற்றை இருபதுக்குக் கீழே கொண்டுவந்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, பின்பக்கம் சாக்கை விரித்து, ரிவர்ஸில் மெதுவாக எடுத்தோம். மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது. சாக்கு அவர் கொடுத்தது. அன்றிலிருந்து எங்கள் டிக்கியில் இரண்டு சாக்கு எப்போதும் இருக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றைத் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

தேரியில் வண்டியை ஓரம் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். ஒன்பது மணி வரை கால் தாங்கும், அதன்பின் சுடும். திரும்பி வரும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் கோயிலோ கோபுரமோ கண்ணில் படும் தூரத்துக்குள் நில்லுங்கள். எல்லா மேடும் எல்லாப் பனையும் ஒன்று போலவே இருக்கும்.

அங்கிருந்து உடன்குடி. பதநீர்க் காலமென்றால் சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், நேரமாக ஆகப் புளிக்கும். உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு. வாங்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்போடு அடியில் லேசாக உவர்க்க வேண்டும். வெறும் இனிப்பாக இருந்தால் சீனி கலந்திருக்கலாம். சுக்கும் மிளகும் போட்ட சில்லுக் கருப்பட்டி குழந்தைகளுக்குப் பிடிக்கும். வெயிலில் நிற்கும் காரில் கருப்பட்டி இளகிவிடும், சீட்டுக்கு அடியில் நிழலில் வையுங்கள்.

குலசையில் கொஞ்சம், மணப்பாட்டில் மிச்சம்

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு நகரலாம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஏன் இந்த ஊர் என்றால், இங்கிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் கடைசி வரை கடல்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடும்போது இலங்கைமேல் போகாமல் வளைத்துக்கொண்டு போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். அந்தப் பகுதியில் தடுப்புப் பலகை கண்டால் வாக்குவாதம் வேண்டாம், வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

மணப்பாடு அங்கிருந்து பத்து நிமிடம். மதியமே போய்விடாதீர்கள். நான்கு மணிக்குப் போனால் போதும். உடன்குடியிலோ திருச்செந்தூரிலோ சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வாருங்கள். வண்டியை ஊரிலேயே விட்டுவிட்டு, மேலேயிருக்கும் திருச்சிலுவைக் கோயிலுக்கு நடந்து ஏறுங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று அது. புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பல்காரர் ஒருவர் உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊர்ச்செய்தி. கோயில் 1581-ஐச் சேர்ந்தது. 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை கடல் பார்த்த சரிவில் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கிணறு. அலை அடிக்கிற தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிய நாட்களில் இங்கே நிற்க இடம் இருக்காது.

குன்றின் ஒரு பக்கம் திறந்த கடல், அலை பெரிது, அலைச்சறுக்குக்காரர்கள் வரும் இடம். மறுபக்கம் கருமேனியாறு வந்து சேரும் கழி, கண்ணாடி போல. நடுவில் மணல்திட்டு, அதன் வடிவம் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கும். போன வருடம் நடந்து கடந்த இடத்தில் இந்த வருடம் இடுப்பளவு தண்ணீர் இருக்கலாம், ஆகவே பழைய வீடியோவைப் பார்த்து இறங்காதீர்கள். சூரியன் கடலில் மறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஊர்ப்பக்கம்தான் இறங்கும். கோயில் வாசலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கழி முழுக்கச் செம்பாகி, அதில் கட்டுமரங்களும் ஃபைபர் படகுகளும் கறுப்பாக நிற்கும். கோயில் மணி அடிக்கும்போது கீழே தெருவில் விளையாடும் பிள்ளைகள் சட்டென்று நின்று சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி ஓடுவதை மேலிருந்து பார்க்கலாம்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் தெற்கே உவரியில் கப்பல் வடிவ மாதா கோயில், அங்கிருந்து இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்து அடக்கமான இடம், திரும்பும் வழியில் முதலூரில் தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வா என்று ஒரு சுற்றுப் போடலாம். இல்லாவிட்டால் இரவு சாப்பாட்டுக்குத் தூத்துக்குடிக்கே வந்துவிடுங்கள், பொரித்த பரோட்டாவும் சால்னாவும் காத்திருக்கும். சாலையில் மாடும், விளக்கில்லாத டிவிஎஸ் வண்டியும், முருகனுக்கு நடந்து வரும் பாதயாத்திரைக்காரர்களும் இருப்பார்கள், அறுபதுக்குமேல் போகாதீர்கள். பிஸ்கட் போலப் பெட்டியில் அடைத்துத் தரும் முந்திரி மக்ரூனைக் காலையில் வாங்குங்கள், அதுவும் கடைசி நாளில். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, வாட்டர் சர்வீஸில் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சி அடிக்கச் சொல்வது. உப்பளச் சேறு ஒட்டியிருந்தால் இரண்டே மழைக்காலத்தில் துரு பிடிக்கும். மிதியடிகளை எடுத்துத் தட்டுங்கள். எத்தனை முறை தட்டினாலும் கொஞ்சம் செம்மணல் விழும். எங்கள் வண்டியில் போன பங்குனியில் ஏறியது ஆவணி வரை விழுந்துகொண்டிருந்தது.